பாதி மேட்டில்

சாவி சுகிர்தத்தின் உள்ளங்கையிலேயே இருந்து வெதுவெதுப்பாகிவிட்டது. துளையில் நுழைத்துத் திருப்ப வேண்டியதுதான் பாக்கி. திருப்பினாலும் இந்த வண்டி உறுமாது, அதிராது; மின்சார வண்டிக்கு உயிர் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அதுதான் அவளுக்கு இதில் முதலிலிருந்தே பிடிக்காத விஷயம். கிளம்பப் போகிறேன் என்று ஒரு வண்டி வாய்விட்டுச் சொல்ல வேண்டாமா. பக்கத்தில் ஞானசிகாமணி உட்கார்ந்திருந்தார். ஸ்வெட்டர் பொத்தானை அவள்தான் போட்டுவிட்டாள், ஒன்று மாறிப்போய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது, அதைச் சரிசெய்யப் போனால் இன்னும் கொஞ்சம் தாமதம், தாமதமானால் அவளுக்கே மனசு மாறிவிடும். வலது கை மடியில் கிடந்தது. இடது கை கூரைக் கம்பியைப் பிடித்திருந்தது. கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் நடுவில் மலைப்பாதையில் காலமெல்லாம் அரசு பஸ் ஓட்டியவர், ரிட்டையர் ஆகி மூன்றாம் வருஷம் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய், இப்போது பெண்டாட்டி ஓட்டப்போகிற இரண்டாள் வண்டியில் உட்கார்ந்திருக்கிறார். அமெரிக்கக்காரன் செய்த வண்டி என்பதால் ஸ்டீயரிங் இடது பக்கம். அதனால் அவர் உட்கார்ந்திருந்தது அவருக்குப் பழகிய வலது பக்கம்தான். முன்னால் ஸ்டீயரிங் மட்டும் இல்லை. வேண்டுமென்றே அவமானப்படுத்துவது மாதிரி இல்லையா இது என்று நேற்றே நினைத்தாள், நேற்று அதற்கு ஒரு பதிலும் வைத்திருந்தாள், இப்போது அந்தப் பதில் ஞாபகம் வரவில்லை. எதிரே மேடு. வாசலிலிருந்து ரோட்டுக்குப் போகும் ஒரே வழி அதுதான், கார் நுழையாத அகலம், வழுக்காமலிருக்கக் கோடு கீறிய சிமெண்டுப் பாதை, வலது பக்கம் மண்திட்டும் வேலியும், இடது பக்கம் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றால் தேயிலைத் தோட்டம், ஆனால் அது இரண்டு ஆள் உயரத்துக்குக் கீழே. அந்தப் பக்கம்தான் அவள் உட்கார்ந்திருந்தாள்.

மனசு மாறுவதற்குள் திருப்பினாள். ஒன்றும் கேட்கவில்லை, கேட்கக் கூடாது, மிதித்தால்தான் கேட்கும். ஜாபர் நூறு தடவை சொல்லியிருக்கிறான், "அக்கா, நீங்க தனியா ஏத்தாதீங்க. ஜும்மா தொழுகை முடிச்சுட்டு நான் வந்துர்றேன், பின்னாடி ஒரு ஆள் நிக்கட்டும்." பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பேட்டரிக் கடை வைத்திருப்பவன், பள்ளிக்கூடம் போனதே இவர் ஓட்டிய பஸ்ஸில்தான் என்று சொல்லிச் சொல்லியே பாதி வேலையை அவளுக்குச் செய்து கொடுத்தவன். வரட்டும் என்றுதான் அவளும் இருந்தாள். காலையில் காபி கொடுக்கும்போது இவர் ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இத்தனை நாளும் அதைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டவர். "போய்ப் பார்க்கலாமுங்களா?" என்றாள். "ஆமா" என்றார். அந்த ஆமாவுக்கு ஒரு மதிப்பும் கிடையாது. பக்கவாதம் அத்தனை பேச்சையும் அள்ளிக்கொண்டு போய் அந்த ஒரு சொல்லைத்தான் அவருக்கு மிச்சம் விட்டிருந்தது. சாப்பிடறீங்களா, ஆமா. வேண்டாமா, ஆமா. வலிக்குதா, ஆமா. பெர்சிஸ் திருப்பூரிலிருந்து போன் பண்ணி அப்பா நான் யாரு சொல்லுங்க என்று கேட்டு, ஆமா என்று பதில் வந்து, அந்தப் பக்கம் மகள் போனைக் கீழே வைத்துவிட்டு அழுதது இங்கே கேட்டது. ஆமாவை யார் கணக்கில் எடுப்பார்கள். ஆனால் இன்றைக்கு அதோடு இடது கையையும் நீட்டினார், தூக்கு என்பது போல. அந்தக் கைக்காகத்தான் ஜாபருக்குக் காத்திருக்கவில்லை. இன்னொரு ஆம்பளை வந்து பின்னால் நின்றால் அந்தக் கை மறுபடி நீளுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. போன மழைக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நாலு பேர் அவரை நாற்காலியோடு தூக்கினார்கள். நல்ல பிள்ளைகள், பக்கத்து எஸ்டேட் லைன் வீட்டுக்காரர்கள். பாதி மேட்டில் வளைவுக்கிட்டே அவர் இடது கையைக் குறுக்காக நீட்டி வேலியைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. முள் ஏறி ரத்தம் வடிந்தது, விடுங்க டிரைவரண்ணா விடுங்க என்று அவர்கள் கெஞ்ச, அவர் யாரையும் பார்க்காமல் முகம் நனைந்து உட்கார்ந்திருந்தார். திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். அதற்கப்புறம் ஆஸ்பத்திரியும் கிடையாது, கோயிலும் கிடையாது, ரோடும் கிடையாது. பெர்சிஸ் வந்து பார்த்துவிட்டு ஒரே பேச்சாகச் சொன்னாள், "மா, எங்க அபார்ட்மெண்ட்ல கீழ் வீடு காலியாகுது. ஆம்புலன்ஸ் வாசல் வரைக்கும் வரும்." ஆம்புலன்ஸ் வருவதை ஒரு வசதியாகச் சொல்லும் வயசுக்கு நாம் வந்துவிட்டோமா என்று சுகிர்தம் நினைத்தாள், ஆனால் மகளிடம் சொன்னது, "கிறிஸ்துமஸ் வரைக்கும் பொறு."

மிதித்தாள். டக். இருக்கைக்குப் பின்னால் அடியில் ரிலே விழும் சத்தம். அது விழுந்தால்தான் பேட்டரியிலிருந்து மோட்டாருக்குக் கரண்ட் போகும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவளுக்கு அந்தச் சத்தத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரவும் பகலும் அப்படி ஆயிரம் டக் காதில் விழுந்த பெண்பிள்ளை. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. பழைய மாடல், வேகத்தைச் சீராகக் கூட்டத் தெரியாது, ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொரு படியாகத்தான் தாவும், ஒவ்வொரு தாவலுக்கும் அவர் தலை பின்னால் போய் முன்னால் வந்தது. மெல்ல மிதி, மெல்ல, முட்டையை மிதிக்கிற மாதிரி மிதிங்கக்கா என்பான் ஜாபர். இந்த வண்டியை முதன்முதலில் பார்த்தபோது நிஜமாகவே முட்டை இருந்தது. மூடிப்போன ஒரு காட்டேஜின் சாமானெல்லாம் ஏலம் விட்டார்கள், விருந்தாளிகளின் பெட்டியைக் கேட்டிலிருந்து அறைக்குக் கொண்டுபோக அந்தக் காலத்தில் எந்த மகராசனோ கோல்ஃப் மைதானத்திலிருந்து வாங்கிப் போட்ட வண்டி, பெர்சிஸ் பிறப்பதற்கு முந்தைய மாடல், கொட்டகையில் கோழி அடைந்து கிடந்தது, ஓட்டுகிற இடத்தில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டு இவளை முறைத்தது. அவள் போனது கம்பளிக்கும் பாத்திரத்துக்கும். மேட்டுப்பாளையத்துப் பழைய இரும்புக்காரர் ஒருவர் வண்டியைச் சுற்றிவந்து காலால் தட்டி எடைபோட்டுக்கொண்டிருந்தார். அவள் கையை அளவெடுப்பது மாதிரி விரித்துக் கொண்டு அகலத்தைப் பார்த்தாள். பார்த்ததுதான், அடுத்த நிமிஷம் ஏலத்தில் விலை கேட்டுக்கொண்டிருந்தாள். இரும்புக்காரர் திரும்பி, "ஏனுங்கம்மா, பேரப்புள்ளைங்க ஏறி விளையாடறதுக்குங்களா?" என்றார். "இல்லீங்க, வூட்டுக்காரரு போறதுக்கு" என்றாள். அவர் என்ன நினைத்தாரோ, அதற்குமேல் கேட்கவில்லை. வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கியபோது ஜாபர் சிரித்துவிட்டான், பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டுக் குனிந்து அடியில் பார்த்தான். செத்த பேட்டரிகளை எடுத்துவிட்டு ஈ-ரிக்‌ஷா பேட்டரி வைத்தான். எலி கடித்த வயர்களை அவளே ஒவ்வொன்றாகப் பிரித்துச் சுற்றினாள். மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் போட்டுத் துருவைத் தேய்த்ததில் விரல்நுனியில் ரேகை போனது. இருக்கைக்குப் பச்சை ரெக்ஸின் தைத்தாள். பிரேக் கேபிள் ஆட்டோவினுடையது, அளவு வெட்டிப் போட்டது. எல்லாம் செய்தாயிற்று. நேற்று அவர் எடைக்கு மணல் மூட்டை கட்டி வைத்து ஏற்றி இறக்கியும் பார்த்தாயிற்று. மூட்டை பேசாமல் உட்கார்ந்திருந்தது. மூட்டைக்குக் கால் கிடையாது.

கால் என்று நினைத்ததும் பார்வை தானாகக் கீழே போனது. அவருடைய இடது கால், நல்ல கால், அவள் வலது காலுக்குப் பக்கத்திலேயே, மிதிக்கும் கட்டைகளுக்குப் பக்கத்திலேயே. நினைக்காதே. ரோட்டைப் பார். வாசல் தாண்டி மேடு தொடங்கியது, முன்சக்கரம் ஏறியதும் முதுகு சாய்ந்தது, மோட்டார் முனகலாக ஒரு சத்தம் போட ஆரம்பித்தது, போகட்டும், சத்தம் இருப்பது நல்லது. அந்தக் கால் வெறும் கால்தான், சும்மா வைத்திருக்கிறார், வைப்பதற்கு வேறு இடம் எங்கே. அன்றைக்கும் அப்படித்தான் சும்மா வைத்திருந்தார். வேண்டாம், அன்றைக்கு வேண்டாம். அன்றைக்கு அவள் வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஈரப் போர்வை ஒன்று, பிழியவே இரண்டு ஆள் வேண்டும், அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஏதோ சரியில்லை என்று தோன்றியது. சத்தம் கேட்டு அல்ல. தினம் கேட்கிற சக்கர நாற்காலிச் சத்தம் நின்றுபோனதால். முன்னால் வந்து பார்த்தால் அவர் முற்றத்தின் ஓரத்தில் இருந்தார். ஓரத்தில் என்றால், சிமெண்டு முடிகிற இடத்தில், சின்ன முன்சக்கரம் இரண்டும் அந்தரத்தில். நாற்காலியின் அடிக்கம்பி சிமெண்டு விளிம்பில் தட்டி நின்றிருந்தது. இடது காலைத் தரையில் ஊன்றியிருந்தார். அவளுக்கு இதுதான், இந்த ஒன்றுதான் இத்தனை மாசமாக விடை தெரியாத கேள்வி. ஊன்றிய கால் பின்னால் தள்ள ஊன்றியதா, முன்னால் தள்ள ஊன்றியதா. தடுத்துக்கொண்டிருந்தாரா, முடியாமல் திணறிக்கொண்டிருந்தாரா. அவள் ஓடிப்போய்ப் பின்னாலிருந்து இழுத்தாள். அவர் கீழே தேயிலையைப் பார்த்துக்கொண்டே "ஆமா" என்றார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியுமே. அந்த வாரம்தான் காட்டேஜ் ஏலம். பிறகு யோசித்துப் பார்த்தால், அவரை வெளியே கூட்டிப்போகத்தான் வாங்கினாளா, இல்லை அன்றைக்குப் பார்த்ததைப் பார்க்காததாக ஆக்க இரண்டு கையும் ஓயாமல் ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும் என்று வாங்கினாளா. துருவைத் தேய்க்கிற நேரத்தில் அந்தக் கால் ஞாபகம் வராது. ராத்திரி வரும். இப்போது அதே மனிதரை, அதே காலோடு, முற்றத்தைவிட உயரமான ஓரத்துக்கு நானே ஏற்றிக்கொண்டு போகிறேன். புத்தி இருக்கிறதா எனக்கு.

வளைவு வந்தது. வலப்பக்கம் ஒடிக்க வேண்டும், அவர் பக்கம், மண்திட்டை ஒட்டி. நேற்று மணல் மூட்டையோடு இங்கே கொஞ்சம் அதிகமாக மிதிக்க வேண்டியிருந்தது, இன்றைக்கும் மிதித்தாள், இரண்டாம் படி, மூன்றாம் படி, வண்டி தாவியது, அவர் தோள் அவள் தோளில் இடித்தது, வேலிக்கிளை கூரையைக் கீறிக்கொண்டு போனது, அந்தக் கிளைதானே அவர் அன்றைக்குப் பிடித்தது, பிடிப்பாரோ இப்போதும், பிடித்தால் என்ன செய்வது, கையை விடுவிக்க எனக்கு எத்தனை கை இருக்கிறது. அவர் பிடிக்கவில்லை. கிளை போய்விட்டது. வளைவு தாண்டியது. மேலே கேட்டின் இரும்புக் கம்பி தெரிந்தது, அதற்கு அப்பால் ரோட்டின் வெளிச்சம், ஒரு லாரி கியர் மாற்றிக்கொண்டு ஏறும் சத்தம், அவர் தலை அந்தச் சத்தத்துக்குத் திரும்பியதை அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள், ஆகிவிட்டது, இன்னும் கொஞ்சம்தான். அப்போது பாதையில் தண்ணீர் போக வெட்டிய பள்ளத்தில் பின்சக்கரம் விழுந்து எழுந்தது. எழுந்ததும் மோட்டார் முனகல் நின்றுவிட்டது. சட்டென்று இல்லை, யாரோ பேசிக்கொண்டே இருந்து நடுவில் எழுந்து போன மாதிரி. வண்டி ஒரு கணம் அங்கேயே நின்றது. பிறகு பின்னால் நகர்ந்தது. அவள் கால் எப்படி பிரேக்குக்குப் போனது என்று அவளுக்கே தெரியாது. மிதித்தாள், அடி வரைக்கும் மிதித்தாள், கேபிள் முறுகும் சத்தம் கேட்டது, வண்டி நின்றது. வாயில் ரத்தம் ருசித்தது, உதட்டைக் கடித்திருக்கிறாள்.

முதலில் மூச்சு விடு. விட்டாள். நின்றுவிட்டது, பிரேக் பிடிக்கிறது, நல்ல கேபிள், ஆட்டோக்காரர்கள் நன்றாக இருக்கட்டும். இப்போது என்ன. இடது காலைப் பிரேக்கில் மாற்றி வைத்துக்கொண்டு வலது காலால் ஓட்டும் கட்டையை மிதித்துப் பார்த்தாள். டக் இல்லை. இன்னொரு தடவை. இல்லை. டக் கேட்டும் ஓடவில்லை என்றால் தடித்த வயரில் கோளாறு, ஜாபர் வந்தால்தான் ஆகும். டக்கே இல்லை என்றால் ரிலேக்குப் போகிற மெல்லிய வயர் எங்கோ கழன்றிருக்கிறது, பள்ளத்தில் குதித்ததில் கழன்றிருக்கும், அது பின்பக்கப் பலகைக்குள் ஒரு கை நுழைகிற சந்தில் இருக்கிறது, அவளே செருகியது, இறுக்கமாகத்தான் செருகினாள், போதாமல் போயிருக்கிறது. செருகக் கொஞ்ச நேரம் போதும். ஆனால் அதற்குக் கீழே இறங்க வேண்டும். இறங்க வேண்டுமென்றால் பிரேக்கிலிருந்து காலை எடுக்க வேண்டும். பிரேக் கட்டையின் மேல்முனையை அழுத்தினால் அது பூட்டிக்கொள்ளும், சமதளத்தில் பூட்டிக்கொள்ளும். பல் தேய்ந்துபோன பூட்டு, மேட்டில் நம்பாதீங்க, கல்லு வைங்க என்று ஜாபர் சொன்னான். கல் வாசலில் இருக்கிறது. நேற்று மணல் மூட்டைக்காக எடுத்து வைத்த நல்ல கருங்கல், இன்றைக்கு மனுஷனை ஏற்றும்போது மறந்துவிட்டாள். கூப்பிடலாம் என்றால் வெள்ளிக்கிழமை காலை, லைன் வீடுகளில் எல்லாரும் தோட்டத்துக்குப் போயிருப்பார்கள், கூப்பிட்டால் நாய்தான் வரும். போனை எடுத்துப் பார்த்தாள், ஜாபருக்கு அடித்தாள், அடித்து அடித்து நின்றது. கடைச் சத்தத்தில் கேட்டிருக்காது. பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்துப் பின்னாலேயே இறங்கிவிடலாமா. பின்னால் வளைவு. வளைவில் திருப்பத் தவறினால் நேராகப் போகும், நேராகப் போனால் தேயிலை. பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே காலை அளந்து விட அவளுக்குத் தெரியாது. அதெல்லாம் தெரிந்த மனிதர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், ஒரு ஊருக்கே தெரியும், எதிரே வண்டி வந்துவிட்டால் ஊசிவளைவில் பஸ்ஸை அங்குலம் அங்குலமாகப் பின்னுக்கு எடுப்பார், உள்ளே யாரும் பேசமாட்டார்கள், அவர் மட்டும் வெற்றிலை மென்றுகொண்டிருப்பார். கல்யாணமான புதிதில் முன் சீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்திருந்தவள் இறங்கியதும் கேட்டாள், பயமா இல்லீங்களா உங்களுக்கு. அவர் சொன்னார், "பயந்தா கால் விறைச்சுக்கும். விறைச்சா பிரேக்கு என்ன சொல்லுதுன்னு தெரியாது." இப்போது அவள் காலில் கெண்டைச் சதை விறைத்து நடுங்க ஆரம்பித்திருந்தது. எத்தனை நேரம் தாங்கும். தாங்காது.

அப்போது அவருடைய இடது கால் அசைந்தது. தரையிலிருந்து எழும்பி, ஓட்டும் கட்டைக்கு மேலாக, மெதுவாக அவள் பக்கம் வந்தது. சாவி, என்று நினைத்தாள், உடனே சாவியைத் திருப்பி அணைத்தாள், அணைத்த பிறகுதான் ஏன் அணைத்தோம் என்று புரிந்தது, புரிந்ததும் தன்மேல் ஒரு அருவருப்பு. அந்தக் கால் ஓட்டும் கட்டையைத் தொடவில்லை. அவள் பாதத்துக்குப் பக்கத்தில், பிரேக் கட்டையில் மிச்சமிருந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. அழுத்தியது. கட்டை இன்னும் கொஞ்சம் கீழே போனதை அவள் பாதம் உணர்ந்தது. இத்தனை வருஷம் பஸ்ஸின் கிளச்சை மிதித்த கால் அது, மலைப்பாதையில் ஒரு நாளைக்கு எத்தனை மிதி. அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, எதிரே மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாடையை லேசாகப் பின்னால் அசைத்தார். போ, போய்ப் பார். புரியாமல் இல்லை அவளுக்கு. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அந்தத் தாடை என்ன சொல்கிறது என்று தெரியும். போக வேண்டும். போனால் வண்டிக்குப் பின்னால் நிற்க வேண்டும், குனிந்து கையை உள்ளே விட வேண்டும், அந்தக் கால் எடுபட்டால் வண்டி அவள்மேல்தான் ஏறும், ஏறிவிட்டு வளைவுக்குப் போகும். இரண்டு பேரும். ஒருவேளை அவருக்கு அது. நினைக்காதே. நினைக்காமல் எப்படி இறங்குவது. ஒரு மாசம் இரண்டு மாசம் என்று நினைக்காமல்தானே இருந்தாய், இனி நினைக்காமல் இறங்க முடியாது. அவள் வாய் தானாகத் திறந்தது, குரல் தன்னுடையது மாதிரியே இல்லை, எக்ஸ்சேஞ்சில் ஊர்பேர் தெரியாதவர்களிடம் பேசும் குரல். "ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு முத்தத்தோரத்துக்குப் போனீங்களே. வுழுகோணும்னுதான் போனீங்களா?" அவர் இன்னும் மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமா" என்றார். அதேதான். சாப்பாட்டுக்கும் ஆமா, வலிக்கும் ஆமா. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது. அவளுக்கு அழுகைகூட வரவில்லை, எரிச்சல் வந்தது, காலில் நடுக்கம் தொடைக்கு ஏறிக்கொண்டிருந்தது. "சரி, திருப்பிக் கேக்கறேன். தெரியாமத்தான் உருண்டு போயிருச்சா? நீங்க ஒண்ணும் நெனைக்கலையா?" கேட்டுவிட்டு அந்த ஆமாவுக்காகக் காத்திருந்தாள். வரும், வந்தால் பழையபடி ஒன்றும் தெரியாத இடத்துக்கே போய்விடலாம், அதுவும் ஒரு நிம்மதிதான், பல மாசம் அங்கே குடியிருந்தாயிற்று. மேலே ரோட்டில் ஒரு பைக் போனது. வேலியில் ஒரு குருவி எதையோ கொத்தியது. அவர் வாயைத் திறந்தார், உதடு அந்தச் சொல்லின் முதல் எழுத்துக்கு விரிந்துகூட விட்டது. பிறகு மூடிக்கொண்டார். அவளைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். சொல்லவில்லை.

ஆமா என்று சொல்லாத ஒரே பதில். அது என்ன என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தால் உடம்பு பதறும், கத்துவோம், மாரில் அடித்துக்கொள்வோம் என்றெல்லாம் ராத்திரிகளில் படுத்தபடி எதிர்பார்த்திருந்தாள். அப்படி எதுவும் நடக்கவில்லை, காதில் மட்டும் ரொம்ப நாளாக இரைந்துகொண்டிருந்த ஒரு லைன் அறுந்துபோன மாதிரி அமைதி. அப்படியென்றால் விழத்தான் போனார். என்னிடம் சொல்ல வாய் இல்லாமல் போனார். நான் போர்வை பிழிந்துகொண்டிருந்தேன். இப்போது அதே கால்தான் இந்தப் பிரேக்கில் இருக்கிறது. அது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டு இறங்குவது ஒன்று, தெரியாமல் இறங்குவது இன்னொன்று. அவர் நெற்றியில் அந்தக் குளிரிலும் வியர்வை முத்து முத்தாக நின்றது. "நான் எறங்கறேன்" என்றாள். "எறங்கிப் பின்னால போறேன். புடிச்சுக்குவீங்களா?" உடனே தலையை ஆட்டினாள், "வேண்டாம், பதில் சொல்லாதீங்க." மெதுவாகத் தன் காலை எடுத்தாள், முதலில் குதிகால், பிறகு விரல். வண்டி ஒரு நூல் பின்னால் போனது, நின்றது. இடது பக்கம் கால் வைக்க ஒரு முழம் சிமெண்டுதான், அதற்கப்புறம் காற்று. கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கி, வண்டியோடு வண்டியாக ஒட்டிக்கொண்டு பின்னால் போனாள். வண்டிக்கு நேர் பின்னால் நின்றபோது அவர் முதுகு தெரிந்தது, ஸ்வெட்டர் ஒரு பக்கம் தூக்கி ஒரு பக்கம் இறங்கி, காது மடலுக்குப் பின்னால் அவள் சரியாகச் சவரம் செய்யாமல் விட்ட நரைமயிர். பக்கவாட்டில் நின்றுகொண்டே கையை விடலாமா, எட்டாது, பார்த்தாயிற்று. குனிந்தாள். சந்தில் கையை விட்டாள். கிரீஸ், தூசி, சூடான கம்பிச்சுருள், விரல் சுட்டது, இன்னும் உள்ளே, ரிலேயின் பித்தளை முனை அகப்பட்டது, மொட்டையாக இருந்தது, அப்போ சரி, நினைத்தது சரி, வயர் எங்கே, தொங்கிக்கொண்டிருக்கும், இடப்பக்கமாகத் தொங்கும், அதோ. பிடித்துச் செருகப் பார்த்தாள். தள்ளினாள், வழுக்கியது. வண்டியின் பின்கம்பி அவள் தோளைத் தொட்டுக்கொண்டிருந்தது, தொட்டுக்கொண்டுதான் இருந்ததா முதலிலிருந்தே, இல்லை இப்போதுதான் வந்து தொட்டதா. நகர்கிறதா. முன்னால் பார்க்க முடியவில்லை, கன்னம் பலகையில் அழுந்தியிருந்தது. மூச்சை நிறுத்திக் கேட்டாள். அவர் மூச்சு கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு மூக்கால் விடுகிற மூச்சு, பாரம் தூக்குகிறவன் விடுகிற மூச்சு. காலமெல்லாம் காதால் பிழைத்தவள் அவள். ஆள் பேசாமல் வெறுமனே லைனில் இருந்தாலே இன்னார் என்று மூச்சை வைத்துச் சொல்வாள். இது விட்டுவிடப் போகிறவனின் மூச்சு இல்லை. இல்லை என்றுதான் நினைத்தாள், அப்படி நினைத்துக்கொண்டு கட்டைவிரலால் ஒரே அழுத்தாக அழுத்தினாள், வயர் நறுக்கென்று ஏறி உட்கார்ந்தது. கையை வெளியே இழுத்தபோது முழங்கையில் தோல் உரிந்தது, அது பிறகுதான் தெரிந்தது.

மறுபடி காற்றோரமாக நடந்து வந்து, ஏறி உட்கார்ந்து, காலைப் பிரேக்கில் அவர் காலுக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினாள். பிடித்தாயிற்று. "நான் புடிச்சுக்கிட்டேன்" என்றாள். "நீங்க எடுங்க." அவர் எடுக்கவில்லை. "எடுங்க, நான் மிதிச்சிருக்கேன், பாருங்க." "ஆமா" என்றார், கால் அங்கேயே இருந்தது. அவள் குனிந்து அவர் கணுக்காலில் கை வைத்தாள். வேட்டிக்குக் கீழே கெண்டைச் சதை கல்லாக இறுகி, உள்ளுக்குள்ளே விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. செருப்பு கழன்று போயிருந்தது, வெறும் பாதம், பெருவிரல் நகம் வெளுத்து, கட்டையின் ரப்பர் வரிகள் உள்ளங்காலில் பதிந்திருக்கும். எடுக்கச் சொல்லி அந்தக் காலுக்குச் சேதி போகவில்லை, அல்லது போயும் அது நம்பவில்லை. அவள் இரண்டு கையாலும் பிடித்து, தூங்கும் பிள்ளையின் விரலைப் பிரிப்பது போல, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டையிலிருந்து பெயர்த்து எடுத்து, திரும்பக் கீழே வைக்க மனம் வராமல் தன் மடியின் ஓரத்தில் ஏற்றிக்கொண்டாள். ஓட்ட இடைஞ்சலாகத்தான் இருந்தது. சாவியைத் திருப்பி, மேட்டைப் பார்த்து மிதித்தாள்.